தலீப் சிங் சௌந்தின் காகிதங்கள்

எங்கள் வீட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. 1950-களில் வேலை தேடி தில்லிக்கு வந்து சேர்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தில்தான் அது இல்லை? வினய் நகர் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் அது கிடக்கும். மேலே அம்மாவின் பழைய புடைவைகள், அடியில் அப்பாவின் காகிதங்கள். அப்பா மத்திய அரசில் சுருக்கெழுத்தர். பிட்மன் சுருக்கெழுத்தில் நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை எழுதுவார். கை துருப்பிடித்துவிடக் கூடாது என்று, ஊரில் எந்தப் பெரிய மனிதர் பேசினாலும் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படி எழுதிய நோட்டுகள்தான் அந்தப் பெட்டியில் பாதி.

அவற்றில் ஒன்று, 1957-ல் தில்லிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் பேச்சு. "தலைப்பாகை இல்லாத சர்தார்ஜிடா அவர். நம்ம அமிர்தசரஸ்காரர், அங்கே போய் எம்.பி. ஆயிட்டு வந்திருந்தார். நான் நேரே கேட்டு எழுதியிருக்கேன்" என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அப்போது கைக்குழந்தை. பிற்பாடும் அந்தப் பெயரை நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. 1994-ல் அப்பா காலமானார். அடுத்த ஆண்டு யமுனைக்கு அக்கரையில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு மாறும்போது, யாருக்கும் படிக்கத் தெரியாத அந்தக் கோழிக்கிறுக்கல் நோட்டுகளைக் கபாடிவாலாவின் தராசில் நானே எடுத்து வைத்தேன். பதினோரு கிலோ இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் முப்பத்தைந்து ஆண்டுகள் நூலகத்துறையில் சம்பளம் வாங்கியவன். ஊரார் காகிதத்தைக் காப்பதுதான் எனக்கு உத்தியோகம்.

ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் சொந்த ஆவணங்கள் எங்கே, எப்படிக் காக்கப்படுகின்றன என்பதைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அப்போதுதான் அப்பா சொன்ன சர்தார்ஜி மறுபடி எதிரே வந்து நின்றார். தலீப் சிங் சௌந்த். ஆசியாவில் பிறந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு முழு வாக்குரிமையோடு அமர்ந்த முதல் மனிதர்.

மேலே போகுமுன் ஒரு சிறு விளக்கம். அமெரிக்காவில் 'காங்கிரஸ்' என்றால் கட்சி அல்ல. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே அதுதான் பெயர். அதில் நம் மாநிலங்களவை போல செனட், மக்களவை போல பிரதிநிதிகள் சபை. சபையில் 435 உறுப்பினர்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு தேர்தல். சௌந்த் ஜனநாயகக் கட்சிக்காரர். 1957 ஜனவரி முதல் 1963 ஜனவரி வரை மூன்று முறை உறுப்பினராக இருந்தார்.

சரி, அப்படிப்பட்ட ஓர் உறுப்பினர் பதவியை விட்டு இறங்கும்போது அவருடைய அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் காகிதமெல்லாம் யாருக்குச் சொந்தம்? மக்கள் வரிப்பணத்தில் நடந்த அலுவலகம், மக்கள் எழுதிய கடிதங்கள், அரசுச் சம்பளம் வாங்கிய குமாஸ்தா தட்டச்சு செய்த பதில்கள். அரசாங்கத்துக்குத்தான் சொந்தம் என்று நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே மரபு வேறு. சபையின் குழுக்கள் நடத்திய விசாரணை, மசோதாக் கோப்பு இவையெல்லாம் சபையின் சொத்து. அவை வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். பிரதிநிதிகள் சபைக் குழுக்களின் ஆவணங்கள் பொதுவாக முப்பது ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன, செனட்டினுடையவை இருபது ஆண்டு கழித்து. ஆனால் உறுப்பினரின் சொந்த அலுவலகத்துத் தாள்கள் முழுக்க முழுக்க அவருடைய தனிச்சொத்து. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம், மாடியில் போட்டு வைக்கலாம், கொளுத்தவும் செய்யலாம். கேட்பார் கிடையாது.

ஒரு காலத்தில் ஜனாதிபதிகளுக்கும் இதே கதைதான். ஜார்ஜ் வாஷிங்டன் பதவி முடிந்ததும் தம் தாள்களைத் தம்மோடு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார். வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்ஸன் 1974-ல் பதவி விலகி, ஒலிநாடாக்களை அவர் அழித்துவிடுவாரோ என்ற பயம் வந்த பிறகுதான் சட்டம் இயற்றினார்கள். 1978-ல் வந்த ஜனாதிபதி ஆவணச் சட்டப்படி, 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்கும் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி இருவரின் அலுவல் ஆவணங்களும் நாட்டின் சொத்து. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார்? காங்கிரஸ் உறுப்பினர்கள்தான். தங்களை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை! 2008-ல் ஒரு தீர்மானம் போட்டார்கள்: உறுப்பினர்கள் தங்கள் தாள்களை ஒழுங்காகப் பராமரித்து, ஆராய்ச்சிக்குப் பயன்படும் நிறுவனம் ஒன்றில் சேர்ப்பது நல்லது என்று. 'நல்லது' என்றுதான், 'வேண்டும்' என்று அல்ல.

இந்த வேறுபாட்டை நம் வாசகர்களுக்குப் புரியும் ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸை நமக்கெல்லாம் தெரியும். 2017 முதல் 2021 வரை அவர் செனட் உறுப்பினர். அந்த நான்கு ஆண்டுகளின் அலுவலகத் தாள்கள் அவருடைய சொந்தப் பொருள். 2021 ஜனவரி 20 அன்று துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அன்று முதல் 2025 ஜனவரியில் இறங்கும்வரை சேர்ந்த அலுவல் ஆவணம் முழுதும் தேசத்தின் சொத்து. ஒரே ஆள், ஒரே கையெழுத்து. நடுவில் ஒரு தேதி.

என்னதான் இருக்கும் ஓர் உறுப்பினரின் பெட்டிகளில்? வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அரசியல் ரகசியம் இருக்கும் என்று நினைப்பார்கள். இருக்கும், கொஞ்சம். பெரும்பகுதி தொகுதி மக்கள் எழுதிய கடிதங்கள். ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு விடுப்பு கேட்டு ஒரு தாய், பென்ஷன் வராத கிழவர், வெளிநாட்டு மனைவிக்கு விசா கேட்கும் இளைஞன், வரியைக் குறைக்கச் சொல்லும் விவசாயி. இவற்றைக் கையாள்வதுதான் ஆவணக் காப்பாளருக்குப் பெரிய தலைவலி. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கடிதம் வந்திருந்தால், மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுகிறார்கள். தனிமனிதரின் நோய், கடன், குடும்பச் சண்டை இவையெல்லாம் வரும் கோப்புகளை நீண்ட காலத்துக்கு மூடி வைக்கிறார்கள், அல்லது சேர்க்கும்போதே நீக்கிவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: உறுப்பினரின் கையெழுத்து என்று நாம் பரவசப்பட்டுப் பார்ப்பதில் பல, இயந்திரம் போட்ட கையெழுத்து. பேனாவைப் பிடித்துக்கொண்டு அச்சாக அவரைப் போலவே கையெழுத்திடும் கருவி ஒன்று அங்கே பல அலுவலகங்களில் இருந்து வந்திருக்கிறது.

சபையில் பேசியது அரசு அச்சிடும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறதே, பிறகு இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். அமெரிக்க நாடாளுமன்றக் குறிப்பில் உறுப்பினர் தம் பேச்சைப் பிற்பாடு திருத்திக்கொள்ளலாம், பேசாததைக்கூடச் சேர்க்கலாம். ஆகவே அச்சில் இருப்பது அவர் சபையில் உண்மையில் சொன்னதுதானா என்று பார்க்க, வரைவுகளும் குறிப்புகளும் வேண்டியிருக்கிறது. (அப்பா போன்ற ஒரு சுருக்கெழுத்தர் எழுதிய நோட்டு என்றால் எவ்வளவு மதிப்பு என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.)

இனி சௌந்த் அவர்களின் கதைக்கு வருவோம்.

1899-ல் அமிர்தசரஸ் பக்கத்தில் சஜ்ஜல்வடி என்ற கிராமத்தில் பிறந்தார். கணிதத்தில் பட்டம் பெற்று 1920-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். போனது எதற்குத் தெரியுமா? பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைப் படித்துக்கொண்டு ஊர் திரும்பி, மாம்பழ டப்பாத் தொழில் தொடங்க. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டாக்டன் குருத்வாராக்காரர்கள் இந்திய மாணவர்களுக்காக அங்கே நடத்திய விடுதியில் தங்கினார். பாதியில் மனசு கணிதத்துக்கே திரும்பிவிட்டது. 1924-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கிய இந்தியருக்கு அந்த நாளில் அங்கே என்ன வேலை? 1923-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் கண்ணில் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியவர்கள் சிலரிடமிருந்து அதைப் பறிக்கவும் தொடங்கினார்கள். குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்க முடியாது. டாக்டர் சௌந்த் தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய், பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்தார்.

பிறகு சொந்தமாகப் பயிர் வைத்தார், லெட்டூஸ் கீரை, பீட்ரூட் என்று. நிலம் மட்டும் தம் பெயரில் கிடையாது. 1928-ல் மரியன் கோசா என்ற ஓவியர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1930-களின் மந்தத்தில் விலை விழுந்து கடனாளியானார். திவால் கொடுத்துத் தப்பித்துக்கொள்ள வழி இருந்தும் அதைச் செய்யாமல், பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இதற்கிடையில் கேதரின் மேயோ இந்தியாவை இழிவுபடுத்தி எழுதிய 'மதர் இந்தியா'வுக்குப் பதிலாக, ஸ்டாக்டன் குருத்வாரா கேட்டுக்கொண்டபடி 1930-ல் 'மை மதர் இந்தியா' என்ற நூலை எழுதினார். வயலில் கடன், மேஜையில் இந்தியா.

1942-ல் அவரும் நண்பர்களும் இந்தியா அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கத்தை அமைத்தார்கள், அவர் தலைவர். ஒரே கோரிக்கை: இந்தியருக்குக் குடியுரிமை. கிழக்கே நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் என்ற வணிகர் இதே காரியத்துக்காக வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். காங்கிரஸில் இதை எடுத்துச் சென்றவர்கள் இருவர். ஒருவர் குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ் அம்மையார். நாடக ஆசிரியை, பத்திரிகையாளர், பிற்பாடு இத்தாலிக்குத் தூதர். மற்றவர் நியூயார்க் புரூக்லினின் இமானுவேல் செல்லர். ஜனநாயகக் கட்சி, 1923 முதல் 1973 வரை சபையில் இருந்தவர். 1946 ஜூலை 2 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம், இந்தியரும் ஃபிலிப்பைன்காரரும் குடியுரிமை பெற வழி செய்தது. ஆண்டுக்கு நூறு இந்தியர் குடியேறவும் அனுமதி கிடைத்தது. நூறே நூறு பேர். நம் பிள்ளைகள் விமானம் விமானமாகப் போய் இறங்க வழி திறந்தது 1965-ல் வந்த ஹார்ட்-செல்லர் சட்டம். அதிலும் அதே செல்லர்தான்.

இந்த இடத்தில்தான் நூலகக்காரனான எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இருவரின் தாள்களும் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் இருக்கின்றன. பெட்டி பெட்டியாக, பட்டியலிட்டு, அமிலமில்லாத உறைகளில். 1965 சட்டத்தின் இன்னொரு பெயரான செனட்டர் ஃபிலிப் ஹார்ட்டின் தாள்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தால் குடிமகனாகி, அதே சபையில் போய் அமர்ந்தாரே சௌந்த், அவருடைய கடிதங்களும் படங்களும் பத்திரிகை நறுக்குகளும் பல்லாண்டு காலம் குடும்பத்தார் வீட்டில்தான் இருந்தன. சட்டம் கொடுத்தவர்களின் காகிதம் மாளிகையில்; சட்டத்தைப் பெற்றவர்களின் காகிதம் பரணில். இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. லூஸ் அம்மையாருக்குத் தம் காகிதத்துக்கு மதிப்பு உண்டு என்று இளவயதிலிருந்தே தெரியும். பருத்திக் காட்டு மேஸ்திரிக்கு அது எப்படித் தெரியும்?

அவர் பதவியை விட்ட விதமும் அப்படி. அதைச் சொல்ல, பதவிக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

1949 டிசம்பர் 16 அன்று சௌந்த் குடிமகனானார். வயது ஐம்பது. மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். (அங்கே கீழ்நிலை நீதிபதியைக்கூட மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.) குடிமகனாகி ஓராண்டு ஆகாதவர் என்று சொல்லிப் பதவியைக் கொடுக்கவில்லை. மனிதர் அசரவில்லை. 1952-ல் மறுபடி நின்று, மறுபடி ஜெயித்து, நீதிபதி ஆனார். 1956-ல் காங்கிரஸுக்கு நின்றார். அரசியல் சட்டப்படி பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஏழாண்டு குடிமகனாக இருந்திருக்க வேண்டும். சொந்தக் கட்சியில் எதிர்த்து நின்றவரே இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1949 டிசம்பர் 16-லிருந்து 1957 ஜனவரி 3 வரை ஏழு ஆண்டு, பதினெட்டு நாள். கணித டாக்டர் அல்லவா!

எதிர்க்கட்சி வேட்பாளர் சாதாரண ஆள் இல்லை. ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த முதல் பெண் விமானி ஜாக்குலின் காக்ரன். கணவரோ பெரும் செல்வந்தர். ரிவர்சைடு, இம்பீரியல் மாவட்டங்கள் சேர்ந்த தொகுதி அது, குடியரசுக் கட்சியின் கோட்டை. அங்கே இந்தியர் எல்லாரையும் 'ஹிண்டு' என்றே சொல்வார்கள், சீக்கியரானாலும். இருந்தும் சௌந்த் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்தால் இந்தியாவுக்குப் போய், அமெரிக்க ஜனநாயகத்துக்கு நானே அத்தாட்சி என்று காட்டுவேன் என்று தேர்தலின்போது சொல்லியிருந்தார். 1957-ல் வந்தார், முப்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு சொந்த மண். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பேசினார், கிராமத்துக்கும் போனார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுப்ப ராணுவத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. அத்தாட்சி காட்ட வந்தவர் அதற்கும் பதில் சொல்ல வேண்டிய நேரம் அது. என்ன தொனியில் சொன்னார், எங்கே தயங்கினார் என்பது அப்பாவின் நோட்டில் இருந்திருக்கும்.

1960-ல் 'காங்கிரஸ்மேன் ஃப்ரம் இந்தியா' என்ற சுயசரிதையை வெளியிட்டார். நல்ல புத்தகம், நேர்மையான நடை. ஆனாலும் பதவியில் இருக்கும் அரசியல்வாதி எழுதியது. அடுத்த தேர்தல் கண்ணெதிரே நிற்கிறது. சுயசரிதை எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும், அதற்கேற்ப ஆரம்பத்தைச் சொல்வார். கடிதம் எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. ஆகவேதான் சரித்திரக்காரர்கள் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடிதத்தைத் தேடுகிறார்கள்.

எனக்கே ஒரு கேள்வி உண்டு. மெக்ஸிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் 'பிராசெரோ' திட்டம் 1942 முதல் 1964 வரை நடந்தது. தம் தொகுதி விவசாயிகளுக்கு ஆள் வேண்டும் என்பதால் சௌந்த் அந்தத் திட்டத்தை ஆதரித்தார். குறைந்த கூலி, மோசமான தங்குமிடம் என்று அந்தத் திட்டத்தின் மேல் அப்போதே குற்றச்சாட்டுகள் இருந்தன. தானே பருத்திக் காட்டில் நின்றவர், குடியுரிமை இல்லாமல் இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர், அந்த மெக்ஸிகோத் தொழிலாளியை எப்படிப் பார்த்தார்? சிவில் உரிமைச் சட்டத்துக்கு 1957-ல் ஓட்டளித்த அதே மனிதர்தான் இவர். இந்த முரணுக்குச் சபைக் குறிப்பில் விடை கிடைக்காது. வயலிலிருந்து யாராவது ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தால், அதற்கு அவர் பதில் போட்டிருந்தால், அந்த ஒற்றைத் தாள் போதும்.

1962 மே மாதம் விமானத்தில் போகும்போது அவருக்குக் கடுமையான பக்கவாதம் வந்தது. நன்றாகப் பேசி ஓட்டு வாங்கிய மனிதருக்குப் பேச்சு போய்விட்டது. பிரசாரத்துக்குப் போக இயலாமலே கட்சியின் வேட்பாளராக நின்று, நவம்பரில் தோற்றார். தோற்ற உறுப்பினர் ஜனவரி தொடக்கத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், புதியவர் வந்துவிடுவார். எந்த உறுப்பினருக்கும் அந்த இரண்டு மாதம்தான் காகிதங்களுக்குக் கண்டம். உடல்நலம் உள்ளவர்களே அவசரத்தில் அள்ளிப் போட்டுவிட்டுப் போவதுண்டு. எது முக்கியம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல முடியாத ஒருவரின் அலுவலகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. அதன்பின் பதினொரு ஆண்டு காலம் வாழ்ந்து 1973 ஏப்ரல் 22 அன்று காலமானார். அவருக்குப் பிறகு அடுத்த இந்திய வம்சாவளி உறுப்பினரைச் சபை பார்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: லூசியானாவின் பாபி ஜிந்தால். நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. 2007-ல் சௌந்தின் ஓவியம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. ஓவியத்தில் எழுத்துகள் உண்டு, கொடிகள் உண்டு, பெட்டிகள் இல்லை.

குடும்பத்தார் காத்து வைத்திருந்ததுதான் கடைசியில் கை கொடுத்தது. உறுப்பினர்களுக்கு அந்தத் தீர்மானம் போட்ட அதே 2008-ல், ஃபிலடெல்ஃபியாவை மையமாகக் கொண்ட தெற்காசிய அமெரிக்க மின்னணு ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாடா' என்பார்கள். பெரிய அரசு நிறுவனம் அல்ல, குடியேறிகளின் பிள்ளைகளும் நண்பர்களும் நடத்துவது. இவர்கள் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வழக்கமாக ஆவணக் காப்பகம் என்றால், கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டும்; பிறகு அந்தக் காகிதம் நம்முடையது அல்ல. தாத்தா எழுதிய கடிதத்தைத் தூக்கிக் கொடுக்க எந்தப் பேரனுக்கு மனசு வரும்? சாடாக்காரர்கள் காகிதத்தை வாங்கி, ஸ்கேன் செய்து, தேதியும் விவரமும் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டு, அசலைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சௌந்த் குடும்பத்துச் சேகரத்தில் அவர்கள் படியெடுத்தவை அப்படித்தான் இன்று யாரும் காணக் கிடைக்கின்றன. குடியுரிமை பறிக்கப்பட்ட துயரத்தில் 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்ட வைஷ்ணோ தாஸ் பகாயின் குடும்பத்துக் காகிதங்களும் அங்கே இருக்கின்றன. ஒரே தீர்ப்பு, இரண்டு வீட்டுக் காகிதம்.

நம் நாட்டில்? 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களின் ஆவணங்களுக்குத்தான். எம்.பி. வீட்டில் வைத்திருக்கும் காகிதத்துக்கு இங்கேயும் கேள்வி இல்லை. கொடுத்தவர்கள் உண்டு, தில்லி தீன் மூர்த்தி நூலகத்தில் ராஜாஜி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி இவர்களின் தாள்களை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும், சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பதவியேற்றார்கள். அவர்கள் பெட்டிகள் எங்கே போய்ச் சேரும் என்பதை அவர்களேதான் முடிவு செய்ய வேண்டும். அவை பாதுகாப்பாகப் போய்ச் சேரும் என்றே நினைக்கிறேன். காகிதத்தின் மதிப்பு தெரிந்த தலைமுறை.

இந்தக் கட்டுரையை எழுதும் சாக்கில் நம் சங்கத்தின் பழைய அலமாரியைச் செயலாளர் அனுமதியோடு திறந்து பார்த்தேன். 1971 முதல் வரவு-செலவுப் புத்தகங்கள் இருக்கின்றன, கரையான் கொஞ்சம் தின்றது போக. பொங்கல் விழா அழைப்பிதழ்கள் ஒரு கட்டு. ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்ததற்கான பெயர்ப் பட்டியல் ஒன்று, யாருடையது என்று தெரியாத அழகான கையெழுத்தில். சங்கம் தொடங்கிய முதல் ஏழு ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேடுகள் மட்டும் இல்லை. அப்போது பொறுப்பில் இருந்தவர்களின் வீடுகளில் எங்காவது இருக்கலாம். வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் போதும். நானே உட்கார்ந்து படியெடுத்துவிட்டு, அசலை அன்று மாலையே கையில் கொடுத்துவிடுகிறேன். பிட்மன் சுருக்கெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை ராமகிருஷ்ணபுரத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.